இருபத்தெட்டு வருடமாகத் தெருவில்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி "அவள் தெருவில் நிற்கிறவள்" என்று சொன்னால் அது மரியாதை. டப்ளினில் ஆற்றுக்கு வடக்கே எங்கள் குடியிருப்புகளில் பிறந்த யாருக்கும் தெரு என்றால் ஒரே தெருதான். அதற்குப் பெயர் உண்டு. யாரும் சொல்வதில்லை. பழமும் பூவும் மீனும் கிறிஸ்துமஸுக்குப் பளபளப்புத் தாளும் விற்கிற பெண்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். இடம் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். "உங்கம்மா என்ன செய்றாங்க?" என்று பள்ளியில் கேட்டால் "தெருவுல நிக்கிறாங்க" என்போம். ஆசிரியையும் இந்தப் பக்கத்துக்காரியாக இருந்தால் "அப்படியா, எந்த ஓரம், வெயில் ஓரமா மழை ஓரமா?" என்று கேட்பாள்.

கொரெட்டி ஃபாரெலி மழை ஓரத்தில் மீன் விற்றாள். காலை ஐந்தரைக்கு அவள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு படி இறங்குகிற சத்தம் எங்கள் மாடி முழுக்கக் கேட்கும். அந்த வண்டியில்தான் அவளுடைய நான்கு பிள்ளைகளும் படுத்திருந்தார்கள். கடைசிக் குழந்தை நடக்கத் தொடங்கியதும் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு மீன் பெட்டியை வைத்தாள். சந்தையிலிருந்து கானாங்கெளுத்தி, வெள்ளை மீன், திருக்கை இறக்கை, புகை போட்ட மீன் என்று ஐஸ் சொட்டச் சொட்டத் தள்ளி வந்து, கவிழ்த்த பெட்டிகள் மேல் பலகை போட்டுப் பரப்புவாள். விரல்கள் ஐப்பசி தாண்டினால் சிவந்து வெடிக்கும். வெடிப்பில் உப்பு ஏறும். அவள் கத்தி மட்டும் நடுங்காது. ஒரு மீனை முள்ளெடுக்க அவளுக்கு நாலு மூச்சு போதும்.

மூன்று மகன்களும் இங்கிலாந்தில். கடைசி மகள் லோர்னாதான் வீட்டில் இருந்தாள். பதினான்கு வயதில் ஒரு டிசம்பர் முழுக்க அம்மாவுக்கு உதவியாகத் தெருவில் நின்றதில் பள்ளிக்கூடம் அவளை வேண்டாம் என்றுவிட்டது. அவளும் அழவில்லை. ஆனால் தெருவிலும் அவள் சரிப்படவில்லை. வாய் திறந்து கூவ வராது. மீன்களுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "வாயில என்னடி வச்சிருக்க, பட்டன் தச்சுட்டாங்களா?" என்று எதிர் வரிசையில் பழம் விற்கும் பிரைடி நாக்டர் கேட்பாள்.

பதினேழு வயதில் அவள் மஞ்சள் கதவுக்குப் போகத் தொடங்கினாள். நகரத்துப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் படிப்பு, உரிமை, முன்னேற்றம் என்று பெயர்ப்பலகையில் மூன்று வரி எழுதியிருக்கும் இடம் அது. பலகையை யாரும் படித்ததில்லை. கதவு மஞ்சள். ஆர்லா என்கிற பெண்மணி நடத்தினாள். ஆற்றுக்குத் தெற்கிலிருந்து சைக்கிளில் வருவாள். நல்ல மனுஷி என்றுதான் எல்லோரும் சொன்னோம். நல்லவள் என்பதை அவள் முகத்திலேயே எழுதி வைத்திருந்தாள். அங்கே லோர்னா விட்ட இடத்திலிருந்து கணக்கு படித்தாள், சரித்திரம் படித்தாள். அடுத்த ஜூனில் பள்ளி இறுதித் தேர்வு எழுதுவதாக இருந்தது. புதன்கிழமைகளில் மைக் முன்னால் நின்று பேசப் பழக்கினார்கள். சுவரில் "உன் குரலை உயர்த்து" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

அந்த வருடம் மஞ்சள் கதவு ஊர் முழுக்க விளம்பரம் வைக்கத் தீர்மானித்தது. ஆர்லா லோர்னாவை உட்காரவைத்து அவள் கதையைச் சொல்லச் சொல்லி டேப்பில் பதிந்துகொண்டாள். யாரோ விளம்பரக்காரர்கள் அதிலிருந்து நாலு வரி எடுத்து எழுதினார்கள். அந்தத் தாள் ஒரு சனிக்கிழமை மாலை கொரெட்டி வீட்டுச் சமையலறைக்கு வந்தது. மேட்டி, கொரெட்டியின் புருஷன், துறைமுகத்தில் முதுகை ஒடித்துக்கொண்ட பிறகு அடுப்படியை ஏற்றுக்கொண்டவன், சட்டியில் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தான். கொரெட்டியின் அக்கா கார்மெல், தெருமுனையில் பூ விற்கிறவள், ரொட்டி கொண்டு வந்திருந்தாள்.

"சத்தமா படி," என்றாள் கொரெட்டி. "உங்கப்பாவுக்குக் காது மந்தம்."

"என் காது நல்லாத்தான் இருக்கு. நீ பேசும்போது மட்டும் அடைச்சுக்குது," என்றான் மேட்டி.

லோர்னா படித்தாள். "'என் அம்மா தெருவில் நிற்கிறவள். என் பெரியம்மாவும் தெருவில் நிற்கிறவள். இந்நேரம் நானும் தெருவில் நின்றிருப்பேன். மஞ்சள் கதவு என்னைக் காப்பாற்றியது.' இதுக்கு மேல என் படம் வருமாம்."

கொரெட்டி கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"எத்தனை வருஷம்னு போடலியே."

"எதுக்கும்மா?"

"சும்மா நிக்கிறவன்னா நேத்து வந்தவ மாதிரி இருக்கு. இருபத்தெட்டு வருஷம்னு எழுதச் சொல்லு. பிரைடி பாக்கட்டும். அவ இருபத்தியாறுதான்."

"என்னோடது முப்பத்தொண்ணு," என்றாள் கார்மெல்.

"ஒனக்குன்னு தனியா ஒண்ணு ஒட்டிக்கோ."

லோர்னா பென்சிலால் 'இருபத்தெட்டு வருடமாக' என்று மேலே எழுதினாள்.

"அதென்ன காப்பாத்துச்சு?" கொரெட்டி கடைசி வரியில் விரலை வைத்தாள். "எதுலேருந்து காப்பாத்துச்சு?"

"மழையிலேருந்து," என்றான் மேட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். லோர்னா கையெழுத்துப் போட்டாள். சட்டியை மேசைக்குக் கொண்டு வந்தார்கள்.

நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை, தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தின் கண்ணாடிக்குள் அது வந்தது. லோர்னாவின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு. கறுப்பு வெள்ளை. முடி நனைந்த மாதிரி. அவளுடைய கூச்சத்தைப் படம் எடுத்தவன் துக்கமாக மாற்றியிருந்தான். கீழே நாலு வரி. கார்மெல் ஒரு சிவப்புப் பூவைக் கண்ணாடி இடுக்கில் செருகினாள். கொரெட்டி இரண்டு நாள் வாடிக்கைக்காரர்களிடம் மீனோடு சேர்த்து அந்தச் செய்தியையும் கொடுத்தனுப்பினாள். "முனையில போய்ப் பாருங்க. என் பொண்ணு. என்னைப் பத்தியும் போட்டிருக்கு." மஞ்சள் கதவு கொடுத்த சின்னத் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் பலகையின் முன்பக்கம் ஆணியடித்தாள்.

புதன்கிழமை மதியம் ஒரு கார் ஓரத்தில் நின்றது. உள்ளே மூன்று பேர். கண்ணாடியை இறக்கியவனுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல கோட்டு.

"முனையில படத்துல இருக்கிற பொண்ணோட அம்மா நீங்கதானா?"

"நானேதான் கண்ணு," என்றாள் கொரெட்டி.

"இருபத்தெட்டு வருஷமா?"

"வர்ற பிப்ரவரிக்கு இருபத்தொன்பது."

"இன்னும் நிக்கிறீங்களா?"

"சாகிற வரைக்கும் நிப்பேன். வேற என்ன தெரியும் எனக்கு."

"எவ்வளவு?"

"எது வேணும்னு பாத்தாத்தானே சொல்ல முடியும். இறங்கி வா. காலைல வந்தது, தொட்டுப் பாரு."

காருக்குள் மூன்று பேரும் முன்னால் சாய்ந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் எதையோ சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். கார் போய்விட்டது. கொரெட்டி கையில் ஒரு கானாங்கெளுத்தியை வாலைப் பிடித்துத் தூக்கியபடி நின்றாள். அவள் முகத்தில் இன்னும் வாடிக்கைக்காரனுக்கான சிரிப்பு இருந்தது. அது எப்போது போனது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். எதிர் வரிசையிலிருந்து பிரைடி தெருவைக் கடந்து வந்தபோது.

"புரியல இல்ல ஒனக்கு?" என்றாள் பிரைடி.

"என்ன புரியல?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் தெருவுல நிக்கிறவன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா? அவன் மீன் விலை கேட்டான்னு நெனச்சியா? ஒடம்பு விலை கேட்டான்."

கொரெட்டி மீனைப் பலகையில் வைத்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா, கொரெட்டி? எதிர்லயே நிக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லையே." பிரைடி குரலை உயர்த்தினாள். இரண்டு வரிசையும் கேட்டது. "ஒன் பொண்ணு ஒன்னை மட்டும் நாறடிக்கல. இங்க நிக்கிற அத்தனை பேர் மேலயும் வாளியோட ஊத்திட்டா. என் மருமவகிட்ட நேத்து பஸ்ஸுல ஒருத்தன் கேட்டிருக்கான், நீயும் தெருவாமேன்னு. அவளும் பல்லை இளிச்சுக்கிட்டு ஆமான்னிருக்கா."

கொரெட்டி பிரசுரத்தை ஆணியோடு பிடுங்கினாள். மிச்ச மீனை ஐஸோடு பெட்டியில் அள்ளிப் போட்டாள். கத்தியைத் துடைக்காமல் அவள் சுருட்டி வைத்ததை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. வண்டியைத் தள்ளிக்கொண்டு, முனைப் பக்கம் போகாமல், சுற்று வழியில் வீட்டுக்கு வந்தாள்.

அன்று மாலை எங்கள் மாடியில் யாரும் ரேடியோ வைக்கவில்லை. சுவர்கள் மெல்லியவை. வைக்கத் தேவையும் இருக்கவில்லை.

"நானா அதை எழுதினேன்? நீயும்தான் கேட்ட. வருஷத்தை நீதான் சேக்கச் சொன்ன," இது லோர்னா.

"எனக்கு எழுத்தா தெரியும்? மூணாம் கிளாஸோட நின்னவ நான். நீ படிச்சவ. அதுக்குத்தானே அங்க போற. ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு அங்க சொல்லித் தரலயா?"

"எனக்கும் தெரியலம்மா. சத்தியமா. நாம அப்படித்தானே சொல்றோம்."

"நாம சொல்றோம். நமக்குள்ள சொல்றோம். அதை எடுத்துட்டுப் போய் அவங்க கண்ணாடிக்குள்ள வைக்கக் குடுத்தியே."

"கொரெட்டி, விடு," என்றான் மேட்டி.

"நீ உன் சட்டியைப் பாரு."

பிறகு கொரெட்டி, சத்தம் போடாமல், சுவருக்குக் காது வைத்தால்தான் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காப்பாத்துச்சாம். என்கிட்டேருந்து ஒன்னைக் காப்பாத்துச்சாம். அன்னிக்கே எனக்கு அந்த வரி இடிச்சது. சிரிச்சுட்டேன்."

வியாழக்கிழமை குழந்தை வண்டி படி இறங்கவில்லை.

தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நகராட்சிப் புத்தகத்தில் இல்லை. பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. ஒருத்தியின் இடம் தொடர்ந்து மூன்று வியாபார நாள், மதியம் பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணி அடிக்கிற வரை காலியாகக் கிடந்தால், மூன்றாம் நாள் மணியோடு யார் வேண்டுமானாலும் அங்கே பலகை போடலாம். பிள்ளைப்பேறும் சாவும் மட்டும் விலக்கு. இடத்துக்காரி நிற்கலாம், அல்லது அவள் வயிற்றில் பிறந்த மகள் நிற்கலாம். அக்கா நிற்க முடியாது, புருஷன் நிற்க முடியாது. வியாழன், வெள்ளி, சனி. சனி மணியோடு கொரெட்டியின் இருபத்தெட்டு வருடம் முடியும். பிரைடியின் மருமகள் நான்கு வருடமாக ஒரு இடத்துக்குக் காத்திருந்தாள்.

கார்மெல் போய்ப் பேசிப் பார்த்தாள். "அவ உடம்பு முடியாம இருக்கா, பிரைடி."

"என்ன உடம்புக்கு?"

"தெரியும்ல ஒனக்கு."

"வெக்கத்துக்கு லீவு கிடையாது," என்றாள் பிரைடி. "எம் புருஷன் ஜெயிலுக்குப் போன அன்னிக்கு நான் நின்னேன். நீங்க எல்லாரும் வேடிக்கை பாத்தீங்க. நின்னேனா இல்லையா?"

நின்றாள். கார்மெல் தன் பூக்களிடம் திரும்பினாள்.

வியாழன் மதியம் லோர்னா மஞ்சள் கதவுக்குப் போனாள். ஆர்லா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அமைச்சர் வருகிறார். லோர்னா மைக்கில் பேச வேண்டும்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்க," என்றாள் லோர்னா.

"என்ன ஆச்சு?"

"எங்கம்மா மீன் விக்கிறாங்க."

ஆர்லா அவளைப் பார்த்தாள். "மீனா?"

"ஆமா. தெருவுல."

ஒரு நாற்காலியில் ஆர்லா மெல்ல உட்கார்ந்தாள். ஏழு வருடமாக அவள் எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி வேலை பார்க்கிறாள். ஒரு நாளும் எங்களிடம் மீன் வாங்கியதில்லை.

"டேப்ல நீ மீன்னு சொல்லவே இல்லையே, லோர்னா."

"தெருன்னு சொன்னேனே."

"ஒரு வருஷமா உங்கம்மாவைப் பத்தி நான் ஒரு கேள்வி கேக்கல. ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு கேக்கல." ஆர்லா கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "நீ படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட. வருஷக் கணக்கைக்கூட நீயே சேத்திருந்த. அதைப் பாத்துட்டு அந்த விளம்பரக்காரப் பையன் அழுதான் தெரியுமா?"

"எடுத்துடுங்க."

"நாப்பது நிறுத்தத்துல இருக்கு. கிறிஸ்துமஸ் வரைக்கும் இடம் பிடிச்சாச்சு. இப்ப எடுத்தா, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. பொய் சொன்னோம்னு ஆகும்."

"பொய்தானே."

"நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாத்தல நாங்க." ஆர்லா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். "இங்க பாரு. இதைப் பாத்துட்டு மூணு நாள்ல பதினோரு பொண்ணுங்க ஃபோன் பண்ணியிருக்காங்க. அதுல ரெண்டு பேர் நிஜமாவே தெருவுல நிக்கிறவங்க. ஒருத்திக்குப் பதினஞ்சு வயசு. நான் எடுத்துட்டா அவ யாருக்கு ஃபோன் பண்ணுவா?"

"எங்கம்மாவும் நிஜமாத்தான் நிக்கிறாங்க," என்றாள் லோர்னா.

பிறகு எங்களிடம் இதைச் சொல்லும்போது, அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் வந்ததும் லோர்னா நிறுத்திவிட்டாள். அந்தப் பெண் இருந்தாள். அதுதான் இதில் மோசமான பகுதி.

வெள்ளிக்கிழமை மீன் நாள். மழை ஓரத்தில் பதினேழு பலகைக்கு நடுவில் ஒரு காலி இடம், பல் விழுந்த மாதிரி. பிரைடி மருமகளைக் கூட்டி வந்து அகலத்தை அடியால் அளந்து காட்டினாள். கொரெட்டி சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மேட்டி முட்டை பொரித்து வைத்தான். அது ஆறிப்போய் ஓரம் சுருண்டு கிடந்தது.

"நாளைக்கு மணியடிச்சா போச்சு," என்றான் மேட்டி.

"போகட்டும்."

"அப்புறம் என்ன பண்ணுவ?"

"காப்பாத்தச் சொல்லி மஞ்சக் கதவுக்குப் போறேன்."

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு குழந்தை வண்டியின் சக்கரம் படியில் இடிக்கிற சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்து பார்த்தேன். லோர்னா. அம்மாவின் எண்ணெய்த்துணி ஏப்ரன் அவளுக்கு முழங்கால் தாண்டித் தொங்கியது. சந்தையில் ஆண்கள் அவளைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அவள் இரண்டு பெட்டி கானாங்கெளுத்தி மட்டும் எடுத்தாள். வேறு எதையும் தேர்ந்தெடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஏழரைக்குப் பலகையைப் போட்டாள். மழை சாய்வாக அடித்தது. பதினோரு மணி வரை ஒருவரும் அவளிடம் வரவில்லை. வாடிக்கைக்காரர்கள் பலகைக்கு ஒரு அடி தள்ளிச் சுற்றிப் போனார்கள். பிரைடி வந்தாள், மருமகள் பின்னால் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"நிக்கிறேன்," என்றாள் லோர்னா.

"எங்க நிக்கிற? நான் கேக்கவே இல்லையே."

"என்ன கேக்கல?"

"சத்தம். கூவாத கடை கடையே இல்ல. ஒங்கம்மாவே வச்ச சட்டம் அது. பொம்மை மாதிரி நின்னு எடத்தைப் புடிச்சு வச்சுக்கலாம்னா ஊர்ல இருக்கிற பொம்மை எல்லாம் இங்கதான் நிக்கும்." பிரைடி கோயில் பக்கம் தலையைத் திருப்பினாள். "இன்னும் ஒரு மணி நேரம். பட்டனைக் கழட்டு."

லோர்னா வாயைத் திறந்தாள். மூடினாள். சுற்றிலும் பதினேழு பெண்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், தாள், லைட்டர், ஆரஞ்சு, பூ. ஒருத்தியும் அவளுக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆர்லா வந்தாள். குடை. நல்ல நீல நிறக் கோட்டு. மீன் தண்ணீர் ஓடுகிற கல்லில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். முதலில் பலகையைப் பார்த்தாள், பிறகு இரண்டு வரிசையையும் கடைசி வரை பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள்.

"இதுதான்."

"லோர்னா, எல்லாரும் வந்துட்டாங்க. நீ வா. நான் யோசிச்சுட்டேன். மைக்கை ஒங்கிட்ட குடுக்கறேன். நீயே சொல்லு. எங்கம்மா மீன் விக்கிறாங்கன்னு அமைச்சர் முன்னாடி சொல்லு. பேப்பர்ல வரும். எல்லாம் சரியாயிடும்."

"மணியடிக்கிற வரைக்கும் நான் நகர முடியாது."

"பத்து நிமிஷம் கழிச்சா? அவர் பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவார்."

"போ கண்ணு," என்றாள் பிரைடி, பாகு ஒழுக. "அமைச்சரைக் காக்க வைக்கலாமா? கடையை நான் பாத்துக்கறேன்."

லோர்னா கத்தியைப் பார்த்தாள். பேப்பரில் வந்தால் அம்மாவின் பெயர் திரும்பி வரலாம். இடம் திரும்பி வராது. அவள் ஒரு கானாங்கெளுத்தியை எடுத்தாள், வாலைப் பிடித்து, ஆர்லாவின் குடைக்குக் கீழே நீட்டினாள்.

"மூணு ஒரு பவுண்டு," என்றாள்.

"என்ன?"

"மூணு ஒரு பவுண்டு. கானாங்கெளுத்தி. மூணு ஒரு பவுண்டு."

மூன்றாவது தடவை சொன்னபோது அது பேச்சாக இல்லை. தொண்டை கிழிந்து, நடுவில் உடைந்து, கடைசியில் கீச்சென்று முடிந்த ஒரு சத்தம். தெருமுனை வரை போனது. ஆர்லா ஒரு அடி பின்வாங்கினாள். கோட்டில் செதில் ஒட்டியது. லோர்னா நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, ஆர்லாவையே பார்த்துக்கொண்டு கூவினாள். ஏதோ ஒரு கிழவி, இந்தச் சண்டை எதுவும் தெரியாதவள், பையைத் திறந்து, "ஆறு குடு. தலையை எடுத்துட்டுக் குடு, பூனை அதைத் தின்னாது," என்றாள்.

லோர்னா நாலாவது தலையை வெட்டும்போது மணி அடித்தது. ஆர்லா குடையோடு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பிரைடி மருமகளுக்குச் சைகை காட்டினாள். மருமகள் பலகையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"இது கூவலா?" என்றாள் பிரைடி. "பூனை வாலை மிதிச்ச மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் கணக்குக் கணக்குதான்." இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றாள். "ஒங்கம்மாவைப் போய்ப் பாரு. பஸ் ஸ்டாப்புல காலைலேருந்து நிக்கிறா. எத்தனையோ பஸ் போச்சு, ஒண்ணுலயும் ஏறல."

கார்மெல் பலகையைப் பார்த்துக்கொள்ள, லோர்னா முனைக்கு ஓடினாள். கொரெட்டி நிறுத்தத்தின் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலைத்துணி நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. அகலமான முதுகு அவளுக்கு. நாலு வரியில் மூன்றரை வரி அவளுக்குப் பின்னால் போயிருந்தது. தலைக்கு மேலே மகளின் பெரிய முகம், கறுப்பு வெள்ளையில். ஓரத்தில் "காப்பாற்றியது" என்பது மட்டும் தெரிந்தது.

"எப்பம்மா வந்த?"

"எட்டு மணிக்கு."

"அங்க வந்திருக்கலாம்ல. நீ நின்னிருந்தா நான்..."

"அங்க நிக்க எனக்கு மூஞ்சி இல்ல. இங்க நிக்க முதுகு இருக்கு."

"நீ வா. எடம் போகல. மணியடிச்சப்ப நான் நின்னேன்."

"கேட்டுச்சு." கொரெட்டி அவளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தாள். "ரெண்டு பெட்டியும் கானாங்கெளுத்தியா எடுத்த? மழைல எவ கானாங்கெளுத்தி வாங்குவா. புகை போட்டதுதான் போகும்."

"வாம்மா."

"இது இங்க இருக்கிற வரைக்கும் நான் இங்க நிக்கிறேன். நீ அங்க நில்லு. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தி அங்க நிக்கணும்."

"எனக்கு ஜூன்ல பரீட்சை."

"தெரியும்," என்றாள் கொரெட்டி. "அதான் எழுதியிருக்கே, நீ தப்பிச்சுட்டன்னு."

ஐந்து வாரம் அப்படித்தான் நடந்தது. தினமும் எட்டு மணிக்குக் கொரெட்டி முனையில் போய்க் கண்ணாடிக்கு முதுகு கொடுத்து நின்றாள். ஆட்கள் பேருந்துக்கு அவள் பக்கத்தில் நின்றார்கள், ஏறினார்கள், போனார்கள். மேட்டி மதியம் ஒரு மூடி போட்ட டப்பாவில் சூப் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கிற வரை பக்கத்தில் நின்றுவிட்டு டப்பாவோடு திரும்புவான். ஆர்லா ஒரு தடவை வந்து மன்னிப்புக் கேட்டாள். "தள்ளி நில்லுங்க, மிஸ். பஸ்ஸை மறைக்கிறீங்க," என்றாள் கொரெட்டி. ஊரில் மற்ற முப்பத்தொன்பது நிறுத்தங்களில் அது சும்மா இருந்தது. அவளுக்கும் அது தெரியும். அவளிடம் ஒரு முதுகுதான் இருந்தது.

லோர்னா தெருவில் நின்றாள். விரல்கள் வெடித்தன. புகை போட்ட மீன் எடுக்கக் கற்றுக்கொண்டாள். மஞ்சள் கதவில் அவள் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே மூன்று நாள் சட்டம் எதுவும் இல்லை போலும், ஏன் வரவில்லை என்று கேட்டு அவளுக்கு மூன்று கடிதம் வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அவள் குரல் நன்றாகவே உயர்ந்துவிட்டது. மூன்றாம் மாடியில் என் சமையலறை வரை கேட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் ஒரு ஆள் ஏணியும் சாவியும் கொண்டு வந்தான். "கொஞ்சம் தள்ளுங்கம்மா," என்றான். கொரெட்டி தள்ளி நின்றாள். அவன் கண்ணாடியைத் திறந்து லோர்னாவைச் சுருட்டி எடுத்துவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவின் படத்தை மாட்டினான். கொரெட்டி கை நீட்டினாள். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு சுருளைக் கொடுத்தான்.

அதை அவள் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐந்து வாரத்துக்குப் பிறகு, தெருவுக்குள் நடந்து வந்தாள். பிரைடி ஆரஞ்சுகளைத் திருப்பி வைப்பதில் மும்முரமானாள். தன் பலகைக்கு வந்ததும் கொரெட்டி சுருளைப் பிரித்து, ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு," என்றாள். "மீன் சுத்தக்கூட ஆகாது."

காலடியில் குடல் போடுகிற வாளியில் அதைக் குத்தி நிறுத்தினாள். பிறகு மகளிடம் கையை நீட்டினாள். லோர்னா கத்தியைக் கொடுத்தாள். கொரெட்டி விளிம்பில் விரலை ஓட்டினாள், முகம் சுளித்தாள், ஏப்ரனை அவிழ்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"மணி ஒன்பதாகுது. போ, போய்ப் படி. அங்கயோ வேற எங்கயோ."

"யாராவது ஒன்னைப் பத்திக் கேட்டா?"

கொரெட்டி ஒரு வெள்ளை மீனை இழுத்து வைத்துத் தலையை வெட்டினாள்.

"வாயைத் திறக்காத," என்றாள். "வந்து மீன் வாங்கிக்கச் சொல்லு."